பாலில் மெலமைன்: தங்க நானோத் துகள்களைக் கொண்டு கண்டறிய முழுமையான வழிகாட்டி

புரதம் அதிகமிருப்பது போலக் காட்டப் பாலில் கலக்கப்படும் மெலமைன் என்ற வேதிப்பொருளை, தங்கத் துகள்களின் நிற மாற்றத்தைக் கொண்டு கண்டறியும் சோதனை இது. புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் எம்.எஸ்சி. புராஜெக்ட்டாக இந்தச் சோதனையை எடுப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. யுவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி), சென்ட்ரிஃபியூஜ் (சுழற்றிப் பிரிக்கும் கருவி), ஃபியூம் ஹூட் (நச்சு வாயுவை வெளியேற்றும் கூண்டு) மூன்றும் கட்டாயம் வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது அல்ல. அமிலங்களும் கரைப்பான்களும் ஆபத்தானவை.

பெரும்பாலோர் தடுமாறுவது தங்கக் கரைசல் தயாரிப்பில் அல்ல, அது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தண்ணீரிலும், கழுவலிலும், பாலைச் சுத்திகரிப்பதிலும்தான் வாரங்கள் போகின்றன. அதனால் இந்த வழிகாட்டியும் அங்கேதான் அதிக நேரம் நிற்கிறது.

1. நிறம் எதனால் மாறுகிறது

சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) பூசிய 13 நானோமீட்டர் தங்கத் துகள்கள் தண்ணீரில் தனித்தனியாக மிதக்கும்போது கரைசல் மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும். 520 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுவதால் வரும் நிறம் அது. சிட்ரேட்டின் எதிர்மின் சுமைதான் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி வைக்கிறது.

மெலமைன் மூலக்கூறில் மூன்று அமினோ தொகுதிகள் இருக்கின்றன. அவை தங்கப் பரப்பில் சிட்ரேட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சுமை குறைந்த துகள்கள் நெருங்கி ஒட்டுகின்றன. நெருங்கினால் உறிஞ்சும் அலைநீளம் 650 பக்கம் நகரும். நிறம் நாவல்பழச் சாறாகி, பிறகு சொட்டு நீலம் கலந்த தண்ணீராகும்.

இதில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. தங்கத்துக்கு மெலமைனை அடையாளம் தெரியாது. துகள்களைச் சேர வைக்கும் எதுவும் நீலத்தைக் கொடுக்கும்: உப்பு, அமிலம், கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள், அழுக்குக் கண்ணாடி. பாலில் மீந்த புரதமோ நேர்மாறு. தங்கத்தின் மேல் படிந்து, மெலமைன் இருந்தாலும் சேர விடாமல் காக்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டு ஏமாற்றங்களையும் தடுப்பதற்காகத்தான்.

2. எந்த அளவைத் தேடுகிறோம்

எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம்) வரம்பு: பொதுவான உணவில் கிலோவுக்கு 2.5 மி.கி., பொடியான குழந்தை உணவில் 1 மி.கி., திரவக் குழந்தை உணவில் 0.15 மி.கி. இந்தச் செய்முறை முதல் வரம்பைச் சுற்றி அமைத்தது. 0.15 மி.கி. அளவைப் பிடிக்க இதை நம்பாதீர்கள். அதற்கு எல்சி-எம்எஸ் (பொருள்களைப் பிரித்து, நிறையைக் கொண்டு அடையாளம் காணும்) கருவிதான் வேண்டும்.

மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கெல்டால் முறை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து புரதமாகக் கணக்கிடுகிறது. தண்ணீர் கலந்த பாலில் புரதக் குறைவை மறைக்க மெலமைன் சேர்க்கப்படுவது இதனால்தான்.

3. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

வேதிப்பொருட்கள்: தங்கக் குளோரைடு, அதாவது ஹைட்ரஜன் டெட்ராகுளோரோஆரேட் டிரைஹைட்ரேட், 1 கிராம் குப்பி. டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட். தூய மெலமைன். டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம். அசெட்டோநைட்ரைல், மெத்தனால், அடர் அம்மோனியா. கழுவுவதற்கு அடர் ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலங்கள்.

கருவிகள்: 250 மி.லி. ஆர்பி (உருண்டை அடி) ஃபிளாஸ்க், ரிஃப்ளக்ஸ் கண்டென்சர், சூடாக்கும் வசதியுள்ள மேக்னடிக் ஸ்டிரர், கீறல் இல்லாத டெஃப்லான் பார், மைக்ரோபிப்பெட்கள், 1 மி.லி.க்குக் குறைவாகவும் அளக்கக்கூடிய செமி-மைக்ரோ குவெட் (ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைக்கும் சிறு கலம்), 60 மி.கி. அளவுள்ள கலப்பு வகைக் கேட்டயான் பரிமாற்றக் கார்ட்ரிட்ஜ்கள் (நேர்மின் சுமையுள்ளவற்றைப் பிடித்துவைக்கும் சிறு குழாய்கள்), உலர்த்த நைட்ரஜன் சிலிண்டர்.

கார்ட்ரிட்ஜ்தான் செலவு. அதைத் தவிர்க்க, பாலை அமிலத்தில் திரித்து, வடிகட்டி, சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கி நேரே தங்கத்தில் ஊற்றுகிறவர்கள் அதிகம். அமிலத்தை நடுநிலையாக்கினால் உருவாவது உப்பு. அந்த உப்பே தங்கத்தை நீலமாக்கிவிடும். மெலமைனே இல்லாத பாலும் கலப்படப் பாலாகத் தெரியும். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

வெள்ளி நானோத் துகள்கள் விலை குறைவு என்பதால் அதைக் கேட்பவர்களும் உண்டு. பாலில் இயல்பாகவே லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் குளோரைடு இருக்கிறது, கடலோரத் தண்ணீரிலும் இருக்கிறது. வெள்ளி அதோடு சேர்ந்து கலங்கும். பாலுக்குத் தங்கமே சரி.

4. தண்ணீரைச் சோதியுங்கள்

18.2 மெகாஓம் தூய நீர் கிடைத்தால் அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் கண்ணாடிக் கருவியில் இரண்டு முறை வடித்த நீர். கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எதுவும் வேண்டாம்.

நம் கடற்கரைப் பக்கத்து போர்த் தண்ணீரில் பல இடங்களில் உப்பேறியிருக்கிறது. சுமார் 50 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, அதாவது லிட்டருக்கு 3 கிராம் சமையல் உப்பு, சிட்ரேட் தங்கத்தைச் சில நிமிடங்களில் நீலமாக்கப் போதும். கால்சியம், மெக்னீசியத்துக்கு அதைவிட மிகக் குறைந்த அளவே போதும். குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு உலரவைத்த குவெட்டின் சுவரில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பே ஒரு நாள் வேலையைக் கெடுக்கும். கடைசி மூன்று அலசலும் தூய நீரில்தான்.

தண்ணீரைச் சோதிக்கத் தங்கமே சிறந்த கருவி. முன்பு தயாரித்த கரைசல் இருந்தால் 1 மி.லி. எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். நிறம் சற்றே ஊதாவாகத் திரும்பினாலும் அந்தத் தண்ணீரை ஒதுக்குங்கள்.

5. கண்ணாடியை ராஜ திராவகத்தில் கழுவுங்கள்

மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு பங்கு நைட்ரிக் அமிலத்தை மெல்ல ஊற்றினால் ராஜ திராவகம். ஃபியூம் ஹூட்டுக்குள், கையுறை, கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி, கோட் மூன்றோடும் செய்யுங்கள். தேவையான அளவு மட்டும் அன்றே தயாரிக்க வேண்டும். பாட்டிலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். அசெட்டோன், எத்தனால் போன்றவற்றால் அலசிய ஈரம் கண்ணாடியில் இருக்கக் கூடாது.

ஃபிளாஸ்க், கண்டென்சரின் கீழ்முனை, ஸ்டிரர் பார் எல்லாம் இருபது நிமிடம் ஊறட்டும். பழைய தங்கப் படிவு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தாலும், புதிய தங்கம் அதன் மேல்தான் வளரும். துகள்கள் ஒரே அளவில் வராமல் போவதற்கு முதல் காரணம் இது. பார் கறுத்துப் போயிருந்தாலோ கீறல் விழுந்திருந்தாலோ புதிது வாங்கிவிடுங்கள்.

6. தங்கக் கரைசல் தயாரித்தல்

முதலில் மூலக் கரைசல். தங்கக் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் காற்றில் அதை மில்லிகிராம் கணக்கில் நிறுப்பது வீண். நிறுத்துக்கொண்டிருக்கும்போதே எடை ஏறும். 1 கிராம் குப்பியை முழுவதுமாகத் திறந்து, தூய நீரில் கரைத்து, குப்பியை அலசிய நீரையும் சேர்த்து 25 மி.லி. ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கில் நிரப்புங்கள். இது ஏறத்தாழ 100 மில்லிமோலார். ஆம்பர் பாட்டிலில், ஃபிரிட்ஜில் வையுங்கள். எஃகு ஸ்பேச்சுலா படவே கூடாது. உலோகம் தங்க அயனியை அங்கேயே ஒடுக்கிவிடும். தோலில் பட்டால் ஊதாக் கறை பல நாள் போகாது.

சிட்ரேட் கரைசலை அன்றன்றைக்குத் தயாரியுங்கள்: 114 மி.கி. சிட்ரேட்டை 10 மி.லி. நீரில். பழைய சிட்ரேட்டில் பூஞ்சை வளரும்.

99 மி.லி. நீரை ஃபிளாஸ்க்கில் எடுத்து, மூலக் கரைசலில் 1 மி.லி. சேருங்கள். கண்டென்சரைப் பொருத்தி, வேகமாகக் கலக்கியபடி கொதிக்க வையுங்கள். ஓரத்தில் குமிழி வருவது கொதி அல்ல. முழுக் கொதி வந்து, ஆவி கண்டென்சரில் சொட்டித் திரும்பத் தொடங்கிய பிறகு ஐந்து நிமிடம் பொறுங்கள்.

இப்போது 10 மி.லி. சிட்ரேட்டை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் பிறந்த துகள்கள் பெருத்துவிடும், பிறகு வருவன சிறுத்திருக்கும். எல்லாத் துகளும் ஒரே நேரத்தில் பிறந்தால்தான் ஒரே அளவில் இருக்கும். கொதி குறைந்திருக்கும்போது ஊற்றினாலும் இதே கோளாறுதான்.

வெளிர் மஞ்சள் மறைந்து நிறமற்றதாகும். பிறகு சாம்பல் கறுப்பு, ஊதா, கடைசியில் ஆழ்ந்த சிவப்பு. கறுப்பைப் பார்த்துப் பயந்து அடுப்பை அணைத்துவிடுபவர்கள் உண்டு. அது வழியில் வர வேண்டிய நிலைதான். சிவந்த பிறகும் பதினைந்து நிமிடம் கொதிக்க விட்டு, சூட்டை நிறுத்தி, கலக்கியபடியே ஆற விடுங்கள்.

ஆம்பர் பாட்டிலில் 4 டிகிரியில் வைத்தால் சில மாதங்கள் இருக்கும். உறையக் கூடாது. ஃபிரீசர் பக்கத்தில் வைத்து ஒரு முறை உறைந்துவிட்டால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், திரும்ப வராது.

7. கரைசல் நன்றாக வந்ததா?

ஒரு பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு நீர் சேர்த்து 400 முதல் 800 நானோமீட்டர் வரை ஸ்கேன் செய்யுங்கள். உச்சி 518க்கும் 521க்கும் இடையில், ஒடுக்கமாக இருக்க வேண்டும். 650இல் உள்ள உறிஞ்சல் அளவை 520இல் உள்ள அளவால் வகுத்தால் 0.15க்குக் கீழே வர வேண்டும். உச்சி 525ஐத் தாண்டினால் துகள்கள் பெரிது. 600க்கு மேல் வால் உயர்ந்திருந்தால் ஏற்கெனவே சேரத் தொடங்கிவிட்டன. இரண்டு நிலையிலும் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். சிவப்பாகத்தானே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லா அளவும் சந்தேகத்துக்கு உரியதாகும்.

இந்த 650/520 விகிதம்தான் இனி நம் அளவுகோல். வெறும் 520ஐ மட்டும் பார்த்தால், பிப்பெட்டில் வரும் சிறு பிழைகூட மெலமைன் போலத் தெரியும். விகிதத்தில் அந்தப் பிழை அடிபட்டுப் போகும்.

8. பால் மாதிரிகள்

முதலில் தேடிக்கொள்ள வேண்டியது சுத்தமான பால். வில்லியனூர், பாகூர், குறிஞ்சிப்பாடி என்று எங்கே போனாலும் சரி, கண் முன்னால் கறந்த பாலாக இருக்கட்டும். பசும்பால் மாதிரியைச் சோதிக்கப் பசும்பால், எருமைப்பாலுக்கு எருமைப்பால். கடையில் வாங்கிய பாக்கெட்டை ஒப்பீட்டுக்கு வைக்காதீர்கள். சோதிக்க வேண்டியதையே அளவுகோலாக வைத்ததாகிவிடும்.

கண்ணாடி அல்லது பாலிபுரொப்பிலீன் பாட்டிலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, அன்றே சோதியுங்கள். மெலமைன் கப், தட்டு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. சூடான, புளித்த திரவத்தில் அவற்றிலிருந்தே மெலமைன் கசியும்.

பால் கெடாமலிருக்க ஃபார்மலின் சேர்க்கும் வழக்கம் மற்றச் சோதனைகளுக்கு உண்டு. இங்கே சேர்க்க வேண்டாம். ஃபார்மால்டிஹைடு மெலமைனின் அமினோ தொகுதிகளோடு வினைபுரியும்; மெலமைன் பாத்திரமே அந்த வினையில்தான் உருவாகிறது.

9. பாலிலிருந்து மெலமைனைப் பிரித்தெடுத்தல்

மொத்த வேலையின் உயிர் இந்தப் படிதான். அவசரப்படாதீர்கள்.

சென்ட்ரிஃபியூஜ் குழாயில் 2.0 கிராம் பால் நிறுத்து எடுங்கள். 1 சதவீத டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம் 15 மி.லி., அசெட்டோநைட்ரைல் 5 மி.லி. சேருங்கள். பால் உடனே திரியும். அமிலம் கேசினைத் திரிக்கிறது, அசெட்டோநைட்ரைல் அமிலத்துக்குத் தப்பிய மற்றப் புரதங்களையும் படியச் செய்கிறது. பத்து நிமிடம் சோனிகேட்டரில் (ஒலியலையால் கலக்கும் கருவி), பத்து நிமிடம் ஷேக்கரில். பிறகு 4000 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் சுழற்றுங்கள்.

மேலே தெளிந்த நீரை, அதே அமிலத்தில் நனைத்த வடிதாள் வழியாக 25 மி.லி. ஃபிளாஸ்க்கில் வடித்து, அமிலத்தால் குறிவரை நிரப்புங்கள். அதில் 5 மி.லி. எடுத்து 5 மி.லி. நீர் கலந்துகொள்ளுங்கள். அந்த 5 மி.லி.யில் இருப்பது 0.4 கிராம் பாலின் சாரம். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், கணக்கில் வரும். எருமைப்பாலில் வடிநீர் மங்கலாக இருந்தால் இன்னொரு முறை குளிர வைத்துச் சுழற்றி, மேலே திரண்ட கொழுப்பை விலக்கி எடுங்கள்.

கார்ட்ரிட்ஜை 3 மி.லி. மெத்தனால், 5 மி.லி. நீர் என்ற வரிசையில் தயார்படுத்துங்கள். நீர் போன பிறகு காய விடாமல் மாதிரியை ஏற்றுங்கள். நிமிடத்துக்கு 1 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. அமிலத்தில் மெலமைன் நேர்மின் சுமையோடு இருக்கும், அதனால்தான் கார்ட்ரிட்ஜில் பிடிபடும். வேகமாக இழுத்தால் பிடிபடாமல் ஓடிவிடும்.

பாலிலுள்ள பொட்டாசியமும் கால்சியமும் அதே இடங்களுக்குப் போட்டியிடும். ஆகவே நன்றாகத் தெரியட்டும் என்று இரட்டிப்பு மாதிரி ஏற்றுவது தவறு. மெலமைன்தான் வெளியே தள்ளப்படும்.

அடுத்து 3 மி.லி. நீர், 3 மி.லி. மெத்தனால் கொண்டு கழுவுங்கள். அமிலமும் சர்க்கரையும் முதலில் போகும், கொழுப்பின் மிச்சம் இரண்டாவதில் போகும். கார்ட்ரிட்ஜைக் காற்றிழுத்து நன்றாக உலர்த்துங்கள். பிறகு 5 சதவீத அம்மோனியா கலந்த மெத்தனால் 6 மி.லி. விட்டு, வெளிவருவதைச் சுத்தமான குழாயில் பிடியுங்கள். அம்மோனியா மெலமைனின் சுமையை நீக்குவதால் அது பிடியை விட்டு வரும்.

50 டிகிரியில், நைட்ரஜன் ஊதி முழுக்க உலர்த்துங்கள். அம்மோனியா வாடை கொஞ்சமும் இருக்கக் கூடாது. உலர்ந்ததை 1.0 மி.லி. தூய நீரில் கரையுங்கள். இனி சாரம் என்று சொல்வது இதைத்தான். பி.எச். தாளில் ஒரு துளி வைத்தால் 6க்கும் 7.5க்கும் இடையில் காட்ட வேண்டும். அமிலமாகக் காட்டினால் கழுவலில் குறை, காரமாகக் காட்டினால் உலர்த்தலில் குறை. அமிலமோ காரமோ ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மறுபடியும் உப்புதான் சேரும். அந்தப் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

10. முதலில் நான்கு குழாய்கள்

சந்தேகப் பாலைத் தொடுவதற்கு முன் இந்த நான்கும் சரியாக வர வேண்டும்.

நூறு மி.கி. மெலமைனை 100 மி.லி. நீரில் கரைத்து மூலக் கரைசல் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் தயங்கித் தயங்கிக் கரையும், 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். அதில் 2 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் லிட்டருக்கு 20 மி.கி. கரைசல்.

ஒவ்வொரு குழாயிலும் 0.4 மி.லி. சாரமோ நீரோ, அதன் மேல் 40 மைக்ரோலிட்டர் நீரோ இந்த 20 மி.கி. மெலமைன் கரைசலோ. கடைசியாக, ஒரு பங்குக்கு ஒரு பங்கு நீர் கலந்த தங்கக் கரைசல் 0.4 மி.லி. மூடி மூன்று முறை கவிழ்த்து, ஸ்டாப்வாட்சைத் தொடங்குங்கள். பத்தாவது நிமிடத்தில் அளவு எடுங்கள். கலந்த பின் 520இல் 0.6 முதல் 1.0 வரை இருக்கும்படி தங்கத்தில் கலக்கும் நீரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

முதல் குழாய்: நீர் மட்டும். சிவப்பாக இருக்க வேண்டும். மாறினால் தண்ணீரோ கண்ணாடியோ குற்றவாளி.

இரண்டாவது: சுத்தமான பாலின் சாரம். இதுவும் சிவப்பாகவே இருக்க வேண்டும். நீலமானால் உப்போ அமிலமோ மீந்திருக்கிறது. ஒன்பதாம் படிக்குத் திரும்புங்கள்.

மூன்றாவது: நீரில் மெலமைன். நீலமாக வேண்டும். மாறாவிட்டால் தங்கமோ மெலமைன் கரைசலோ சரியில்லை.

நான்காவது: சுத்தமான பாலின் சாரத்தில் மெலமைன். மூன்றாவதோடு ஒட்டி நீலமாக வேண்டும். இது சிவப்பாக நின்றால், சாரத்தில் மீந்த புரதம் தங்கத்தைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் சோதித்தால் கலப்படப் பாலும் நல்ல பாலாகத் தேறிவிடும். பெரும்பாலோர் விட்டுவிடும் குழாய் இதுதான், விடவே கூடாத குழாயும் இதுதான்.

11. அளவுக் கோடு

சுத்தமான பாலை ஆறு கார்ட்ரிட்ஜ்களில் தயாரித்து, ஆறு சாரத்தையும் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். 0.4 மி.லி. வீதம் பிரித்து, 20 மி.கி. கரைசலிலிருந்து 0, 5, 10, 20, 30, 40 மைக்ரோலிட்டர் சேருங்கள். ஒவ்வொன்றிலும் மொத்தம் 40 வரும்படி மீதியை நீரால் நிரப்புங்கள். சாரத்தில் லிட்டருக்கு 0, 0.25, 0.5, 1, 1.5, 2 மி.கி. என்று கிடைக்கும். ஒவ்வொன்றும் இரண்டு முறை அளந்து, மெலமைன் அளவுக்கு எதிரே 650/520 விகிதத்தைக் குறித்தால் வருவதுதான் அளவுக் கோடு.

வெறும் நீரில் கோடு போட்டுவிட்டுப் பாலை அதில் வாசிக்காதீர்கள். பாலின் சாரத்தில் கோடு வேறு சரிவில் போகும்.

கோடு முழுக்க நேராக வராது. தொடக்கத்தில் தயங்கி, நடுவில் ஏறி, உச்சியில் படுத்துவிடும். நேராக ஏறும் பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். ஆறு புள்ளிகளையும் ஒரே நேர்கோட்டில் வற்புறுத்திப் பொருத்தினால் இரண்டு முனையிலும் பொய்யான எண் கிடைக்கும். கண்டறியும் எல்லையை மற்றவர் கட்டுரையிலிருந்து எடுத்தெழுதாதீர்கள். மெலமைன் இல்லாத சாரக் குழாய் பத்து அளந்து, சராசரியோடு மூன்று மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டினால் வருவது உங்கள் ஆய்வகத்தின் எல்லை.

சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியைத் தொடும், மார்கழியில் 25 இருக்கும். சூட்டில் துகள்கள் வேகமாகச் சேரும். மார்கழியில் போட்ட கோட்டை வைகாசியில் பயன்படுத்த முடியாது. மாதிரி அளக்கும் நாளிலேயே கோடும் போடுங்கள். குழாய்களை 30 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்தால் இன்னும் நல்லது.

12. மாதிரியை அளந்து கணக்கிடுதல்

ஒரு மாதிரியின் 1 மி.லி. சாரத்தில் இரண்டு குழாய். ஒன்றில் 40 மைக்ரோலிட்டர் நீர், மற்றதில் 40 மைக்ரோலிட்டர் மெலமைன் கரைசல். முதல் குழாய் பதிலைச் சொல்லும். இரண்டாவது, அந்தப் பதிலை நம்பலாமா என்பதைச் சொல்லும். இரண்டும் சிவப்பாக நின்றால் "மெலமைன் இல்லை" என்று எழுதாதீர்கள். "சோதனை செல்லாது" என்று எழுதி, மாதிரியைத் திரும்பச் சுத்திகரியுங்கள்.

கணக்கு எளிது. கோட்டில் 1.2 மி.கி./லி. என்று வந்தால், 1 மி.லி. சாரத்தில் 1.2 மைக்ரோகிராம். அது 0.4 கிராம் பாலிலிருந்து வந்தது. 1.2ஐ 0.4ஆல் வகுக்க 3.0; கிலோவுக்கு 3.0 மி.கி. என்று பொருள், அதாவது 2.5 வரம்புக்கு மேல்.

ஒவ்வொரு தொகுதியிலும் மீட்பு அளவையும் பாருங்கள். 2.0 கிராம் சுத்தமான பாலில் 20 மி.கி. கரைசல் 250 மைக்ரோலிட்டர் சேர்த்தால் சரியாகக் கிலோவுக்கு 2.5 மி.கி. கால் மணி நேரம் விட்டு, ஒன்பதாம் படியிலிருந்து முழுவதும் செய்யுங்கள். 80 முதல் 110 சதவீதம் திரும்பக் கிடைத்தால் தொகுதி செல்லும். குறைந்தால் கார்ட்ரிட்ஜில் வேகமாக இழுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். அடிக்கடி நடப்பது அதுதான்.

கைபேசியில் படமெடுத்து நிறத்தை அளப்பதாக இருந்தால், வெள்ளை அட்டைப் பெட்டிக்குள் நிலையான எல்இடி வைத்து, தானியங்கி ஒயிட் பேலன்ஸை நிறுத்திவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் மணிக்கு மணி மாறும். எண் வேண்டுமென்றால் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான்.

13. கழிவு

தங்கக் கழிவைத் தனிப் பாட்டிலில் சேருங்கள். அதில் உப்பு போட்டு ஓர் இரவு விட்டால் தங்கம் கறுத்து அடியில் படியும், மேல்நீரைப் பிரித்துவிடலாம். ராஜ திராவகத்தை நிறைய நீரில் மெல்ல ஊற்றி நீர்த்துப்போகச் செய்து, சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகப் போட்டு நுரை அடங்கும்வரை நடுநிலையாக்குங்கள். அசெட்டோநைட்ரைலும் மெத்தனாலும் கரைப்பான் கழிவுக் கேனுக்கு. எதையும் சிங்க்கில் கொட்டாதீர்கள். நம் ஊர்ச் சாக்கடை எதுவும் வெகு தூரம் போவதில்லை, கடலில்தான் முடிகிறது.

14. நீலம் வந்துவிட்டால்

முதலில் வாயை மூடிக்கொள்ளுங்கள் என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து. யாரிடமிருந்து வந்த பால் என்பதை வெளியில் சொல்லாதீர்கள். இரண்டு மாடு வைத்துத் தூக்குவாளியில் பால் ஊற்றிப் பிழைக்கிற குடும்பத்தை, உறுதி செய்யப்படாத ஒரு குழாய் நிறம் ஒரே நாளில் தெருவில் நிறுத்திவிடும். அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தைகள் மேல் உள்ள அதே அக்கறை இவர்கள் மேலும் வேண்டும்.

அதே பாலை மறுபடி இரண்டு முறை, புதிய கார்ட்ரிட்ஜில் செய்யுங்கள். மூன்றிலும் நீலம் வந்தால், மீதிப் பாலைச் சீல் வைத்து மைனஸ் 20 டிகிரியில் வைத்து, எல்சி-எம்எஸ் வசதியுள்ள, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகார ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நம் சோதனை வடிகட்டும் சல்லடை மட்டுமே, சட்டப்படி சான்றாகாது.

நடவடிக்கை வேண்டுமென்றால் வழி வேறு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, வாங்குபவர் எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். பகுப்பாய்வுக்காகத்தான் வாங்குகிறேன் என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆய்வகத்தில் ஏற்கெனவே வைத்திருக்கும் பாட்டில் இதற்குப் பயன்படாது. புதிதாக வாங்கித்தான் கொடுக்க வேண்டும்.